செஞ்சு காட்டுங்க

எங்கள் தொழிற்சாலையில் பெண் அதிகாரிகள் எல்லோரும் 'மேடம்'தான். அவர் ஒருவர் மட்டும், பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதுபோல, 'மதாம்'. முதலில் யார் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வுபெற்றுப் பென்ஷன் வாங்கிய சொல்தா, அதாவது சிப்பாய். வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. கூடப் பிறந்தவர்கள் எப்போதோ பிரான்சுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் லாஸ்பேட்டையிலிருந்து தட்டாஞ்சாவடிக்கு ஸ்கூட்டரில் வந்து, ஒரு நடுத்தர மருந்துத் தொழிற்சாலையில் தப்புகளைத் துருவிக்கொண்டிருந்தார். "நீங்க ஏன் மதாம் போவல?" என்று கேட்டால், "அங்க குளிரும்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

அவருடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன். மருந்து தயாரிப்பில் எல்லாம் எழுதி வைத்தபடி நடக்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் அதற்கு டீவியேஷன் என்று பெயர். ஏன் பிசகியது என்று கண்டுபிடித்து அறிக்கை எழுதி முடிக்கும்வரை அந்த பேட்ச் மருந்து கிடங்கை விட்டு நகராது. கண்டுபிடிப்பது மதாமின் வேலை. நான் உற்பத்திப் பிரிவின் பொறுப்பாளன். சரக்கு லாரி ஏற வேண்டும் என்பது என் கவலை. அது அவசரப்பட்டு ஏறிவிடக்கூடாது என்பது அவருடைய கவலை. எங்களுக்குள் எப்படி ஒத்துப்போகும்? வருஷக்கணக்கில் உர்ரென்றுதான் இருந்தோம்.

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு குறுக்கு வழி உண்டு. எது தவறினாலும் காரணம் என்ற கட்டத்தில் 'ஹியூமன் எரர்' என்று எழுதிவிடலாம். மனிதத் தவறு. பிறகு அந்த மனிதரைக் கூப்பிட்டு எச்சரிக்கலாம், மறுபடி பயிற்சி கொடுக்கலாம், ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். அந்த ஒருவரைத் தவிர எல்லோருக்கும் நிம்மதி. மதாம் அந்த இரண்டு வார்த்தைகளை எழுதி நான் பார்த்ததில்லை. கூட்டத்தில் யாராவது "அன்னிக்கு மிஷின்ல யாரு?" என்று ஆரம்பித்தால், பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிடுவார். 'எப்படி' என்று யாராவது கேட்கிற வரைக்கும் அந்தப் பேனா திறக்காது.

பிரான்சில் தேர்தல் வந்தால் இங்கேயே ஓட்டுப் போடலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு போய் வரிசையில் நின்று போட்டுவிட்டு வருவார். திங்கட்கிழமை டீ நேரத்தில் "யாருக்கு மதாம் போட்டீங்க?" என்று நாங்கள் சீண்டுவோம். "யாருன்னு கேக்கக்கூடாது" என்பார். முகத்தில் சிரிப்பு இருக்காது. ஆனால் அது அவருடைய நகைச்சுவைதான் என்பது எங்களுக்குப் பழகியிருந்தது.

விசாரணை என்று வந்துவிட்டால் அவர் உட்கார மாட்டார். யாரையும் அறைக்குக் கூப்பிடவும் மாட்டார். வேலை நடந்த இடத்துக்கே போய், வேலை செய்தவர் போட்டிருந்த அதே கோட்டு, அதே தொப்பி, அதே காலுறையைப் போட்டுக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் நிற்பார். அந்த ஆள் பதறிக்கொண்டு "நான் கரெக்டாதான் மதாம்..." என்று ஆரம்பிப்பார். மதாம் கையை உயர்த்தித் தடுத்துவிடுவார்.

"சொல்லாதீங்க. செஞ்சு காட்டுங்க."

ஒருமுறை நான் எரிச்சலில் கேட்டேன், வாயால் சொன்னால் காதில் விழாதா என்று. "வாய் தன் ஆளைக் காப்பாத்தப் பாக்கும் சார். கைக்கு அதெல்லாம் தெரியாது" என்றார். சொல்லிவிட்டு இயந்திரத்துக்குக் கீழே குனிந்து பார்க்கப் போனார். போகும்போது இயந்திரத்தின் விளிம்பில் தோள் இடித்தது. "பர்தோன்" என்றார் அதனிடம். மன்னிப்பு கேட்கிறாராம். பையன்கள் அவருக்குப் பின்னால் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். எங்களிடம் ஒருநாளும் பர்தோன் கேட்காதவர் இரும்பிடம் கேட்கிறாரே என்று எனக்கு இருக்கும்.

ஒரு ஐப்பசி மாதம் மாத்திரைகள் அச்சில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வந்தன. இயந்திரம் ஓட்டுபவர் அழுத்தத்தைச் சரியாக வைக்கவில்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். மதாம் அந்த ஆளை வாசலிலிருந்தே செய்து காட்டச் சொன்னார். அவர் மாத்திரைத் தூள் நிரம்பிய டிரம்மை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். கதவைத் திறக்கக் கை இல்லை. இடுப்பால் தள்ளினார். அடுத்த டிரம்முக்கும் இப்படித் தள்ள வேண்டுமே என்று, அவருக்கே தெரியாமல், காலால் ஒரு அட்டைப்பெட்டியை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். மழைக்காலத்துக் கடல் காற்று திறந்த கதவு வழியாக ஈரத்தோடு உள்ளே வந்து தூளை நமுக்க வைத்துக்கொண்டிருந்தது. மாத்திரை ஒட்டுவதற்கு மதாம் எழுதிய மருந்து, டிரம்முக்குச் சக்கரம் வைத்த வண்டி. மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவரை அன்பான பெண்மணி என்று நினைத்துவிட வேண்டாம். யாருடைய குழந்தை எந்த வகுப்பு என்று அவருக்குத் தெரியாது. காய்ச்சலில் படுத்துவிட்டு வந்தால் எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டார். பாராட்டு என்பது அவர் வாயில் கிடையாது. என் மேசையில் ஒருநாள் டீ கொட்டிவிட்டது. அவர் என் நனைந்த சட்டையைப் பார்க்கவே இல்லை. மேசைக் காலைப் பார்த்தார். மறுநாள் அந்தக் காலுக்கு அடியில் ஒரு அட்டைத்துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது நினைத்தாலும் கொஞ்சம் வருகிறது.

செல்வியின் விஷயம் நடந்தது அந்த நாட்களில்தான். செல்வி கடலோரக் குப்பத்துப் பெண். அம்மா மீன் விற்பவர். பேக்கிங் பிரிவில் ஒப்பந்த வேலை. மாத்திரையைத் தட்டில் போட்டு எண்ணி டப்பாவில் நிரப்புகிற மேசையில் இருந்தாள். ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்திலிருந்து புகார் வந்தது. ரத்த அழுத்த மாத்திரை டப்பாவுக்குள் ஒரே ஒரு சர்க்கரை நோய் மாத்திரை. இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். நடுவிலிருக்கும் கோட்டை வைத்துத்தான் வித்தியாசம் தெரியும். சர்க்கரை இல்லாதவர் அதை விழுங்கினால் மயங்கி விழலாம். வயதானவராக இருந்தால் எழாமலே போகலாம்.

அன்று காலை சர்க்கரை மாத்திரையும் மத்தியானம் ரத்த அழுத்த மாத்திரையும் அதே மேசையில்தான் ஓடியிருந்தன. நடுவில் மேசையைத் துடைத்து, தட்டைக் கழுவி, சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். மேனேஜருக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

"அந்தப் பொண்ணை நிறுத்திடுங்க. சுத்தம் பண்ணல, அவ்ளோதான்."

செல்வி பேக்கிங் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. வீட்டில் அந்தச் சம்பளம்தான் என்று எல்லோருக்கும் தெரியும். என்னைப் பார்த்ததும், "சார், நான் தொடச்சேன் சார். மூலைல்லாம் தொடச்சேன்" என்றாள். மதாம் கோட்டைப் போட்டுக்கொண்டே வந்தார்.

"சொல்லாத. செஞ்சு காட்டு. வந்ததுலேர்ந்து."

கழித்துக் கட்டிய மாத்திரைகளைக் கொண்டுவரச் சொன்னார். செல்வி எண்ணினாள், நிரப்பினாள், மேசையைத் துடைத்தாள், தட்டைக் கழுவினாள். மதாம் பக்கத்திலேயே நின்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முறை செய்யச் சொன்னார். அப்போதும் ஒன்றுமில்லை. எனக்கு லாரிக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். மேனேஜர் கண்ணாடிக்கு வெளியிலிருந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். மூன்றாவது முறையும் முடிந்த பிறகு மதாம், "வீட்டுக்குப் போற மாதிரி கோட்டைக் கழட்டு" என்றார்.

செல்வி கோட்டின் கைகளை இறக்கிவிட்டாள். அப்போதுதான் அது மடித்திருந்ததையே நாங்கள் கவனித்தோம். மடிப்பு பிரிந்ததும் ஒரு மாத்திரை தரையில் விழுந்து, சத்தம் போட்டுக்கொண்டு உருண்டு, என் காலருகே வந்து படுத்தது.

மதாம் குனிந்து அதை எடுத்தார். "ஏன் மடிச்சிருக்க?" என்று கேட்டார்.

"எல்லாரும் மடிச்சிதான் மதாம் போடுவோம். கை வெரல தாண்டி வருது. அப்டியே உட்டா தட்டுல மாட்டும்."

கோட்டெல்லாம் ஆண்களின் அளவில் மொத்தமாக வாங்கியவை. பேக்கிங்கில் இருந்த பெண்கள் எல்லோரும் கையை மடித்துத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணும் தட்டில் மாத்திரை துள்ளும். எப்போதாவது ஒன்று மடிப்புக்குள் விழும். மத்தியானம் அதே கோட்டு, வேறு மருந்து. மேசையைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்து என்ன பிரயோஜனம்?

"மடிக்கக்கூடாதுன்னு ஒரு சர்க்குலர் போட்டுடலாம்" என்றார் மேனேஜர். "ஆனாலும் இந்தப் பொண்ணு..."

மதாம் செல்வியின் கோட்டை அவரிடம் நீட்டினார். "போட்டுப் பாருங்க சார்."

மேனேஜர் போட்டுக்கொண்டார். தைத்து வைத்த மாதிரி அவருக்குச் சரியாக இருந்தது.

"உங்களுக்கு மடிக்கத் தோணாது. இவள அனுப்பிட்டீங்கன்னா அடுத்து வர்ற பொண்ணும் கையை மடிக்கும். அதுக்கடுத்து வர்றவளும் மடிப்பா. எத்தனை பேர அனுப்புவீங்க?"

செல்வி தங்கினாள். மணிக்கட்டில் இறுக்கமாக எலாஸ்டிக் வைத்து, ஆளுக்குத் தகுந்த அளவில் கோட்டு தைத்து வந்தது. சில மாதம் கழித்து, "மதாம் உன்னைக் காப்பாத்திட்டாங்க, ஒரு நன்றியாவது சொன்னியா?" என்று செல்வியிடம் கேட்டேன். "என்னை எங்க சார் காப்பாத்துனாங்க? டப்பாவைக் காப்பாத்துனாங்க" என்றாள். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. அன்றைக்கு மதாம் அவளுடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை.

பிறகு வருஷங்கள் ஓடின. செல்வி நிரந்தரமாகி பேக்கிங் சூப்பர்வைசர் ஆனாள். மதாமுக்கு முன்னந்தலை நரைத்தது. அவரோடு தரக்கட்டுப்பாட்டில் இருந்த இளைஞர் நல்ல சம்பளத்துக்கு ஐதராபாத் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று மேனேஜர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடலூர்ப் பக்கம் ஒரு சிறிய ஊரிலிருந்து மருந்துக்கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். எங்கள் குழந்தைகள் காய்ச்சல் சிரப்பின் லேபிளில் அளவு தப்பாக இருக்கிறதே என்றார். ஒரு வேளைக்கு இரண்டரை மில்லி என்பதற்குப் பதிலாக இருபத்தைந்து மில்லி என்று இருந்தது. அச்சகத்தில் புது வடிவத்துக்கு மாற்றும்போது நடுவிலிருந்த புள்ளி விழுந்துவிட்டிருந்தது. அச்சகத்திலிருந்து வரும் மாதிரித்தாளை, ப்ரூஃப் என்போம், மூலத்தோடு ஒப்பிட்டு 'சரி' என்று கையெழுத்துப் போட வேண்டியவர் மதாம். போட்டிருந்தார்.

அது காய்ச்சல் மருந்துதான். ஆனால் அத்தனை மடங்கு கூடினால் ஒரு பச்சைக் குழந்தையின் ஈரல் தாங்காது.

போன சரக்கையெல்லாம் கடை கடையாகத் திரும்ப வாங்கினோம். அந்தக் கடைக்காரர் மட்டும் சிலவற்றை விற்றிருந்தார். ஊரில் எல்லோரையும் தெரிந்தவர் என்பதால் வீடு வீடாகப் போய்க் கேட்டு மீட்டுவிட்டார். ஒரு வீட்டில் மட்டும் ஏற்கெனவே குழந்தைக்கு ஊற்றியிருந்தார்கள். "நான் போறேன்" என்றார் மதாம். நானும் கூடப் போனேன். பேருந்தில் அவர் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.

குழந்தை வாசலில் மணலை அள்ளிப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. மதாம் குழந்தையின் அம்மாவிடம் ஒன்றும் விளக்கவில்லை. "எப்டி ஊத்துனம்மா? செஞ்சு காட்டு" என்றார்.

அந்தப் பெண் பாட்டிலோடு வந்த சிறிய அளவு மூடியை எடுத்து, கால்வாசி வரைக்கும் ஊற்றிக் காட்டினாள். "லேபிள்ல என்னாமோ நெறைய போட்டிருந்துச்சு. இந்த மூடி அவ்ளோ புடிக்காது இல்ல? அதான் எப்பவும் ஊத்துற கோடு வரைக்கும் ஊத்துனேன். ஏங்க, கம்மியா பூட்டுச்சா?"

"இல்லம்மா, சரியாதான் ஊத்தியிருக்க" என்றார் மதாம். அந்த மூடியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் அறிக்கை என் மேசைக்கு வந்தது. உற்பத்திப் பிரிவும் கையெழுத்துப் போட்டால்தான் அது முடியும். காரணம் என்ற கட்டத்தில் ஒரே வரி. ஹியூமன் எரர். சரிபார்த்தவரின் கவனக்குறைவு. கீழே அவருடைய கையெழுத்து. பின்னால் ராஜினாமாக் கடிதம்.

மேனேஜர் என்னிடம், "அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் என்னா? போட்டு அனுப்புங்க" என்றார். நான் கையெழுத்துப் போட்டால் அன்று சாயங்காலமே மதாம் போய்விடலாம். அந்த அறிக்கையும் மூடிவிடும். புள்ளி எப்படித் தப்பியது என்பதை அதற்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். இத்தனை வருஷம் அவரால் என் லாரிகள் காத்துக் கிடந்ததை நினைத்தால், நான் சந்தோஷமாகப் போட்டிருக்க வேண்டும். பேனாவை எடுக்கவே கை வரவில்லை. தாளை எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனேன்.

"இது என்ன மதாம்?"

"படிச்சா புரியுமே சார்."

"புள்ளி இல்லாம எப்படி உங்க கண்ணைத் தாண்டிப் போச்சுன்னு இதுல ஒண்ணும் இல்லையே."

"எப்படின்னு கேக்காதீங்க" என்றார். என்னைப் பார்க்காமல் பேசினார். "அதெல்லாம் மத்தவங்களுக்கு. அந்தக் குழந்தை மண்ணுல உக்காந்திருந்துச்சு, பாத்தீங்க இல்ல? இதுல யாருன்னுதான் கேக்கணும். நான்தான். போதும், கையெழுத்துப் போடுங்க."

அவர் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன். அப்போது செல்வி, திரும்பி வந்த லேபிள் கட்டுகளை ஒப்படைப்பதற்காக உள்ளே வந்தாள். வாசலிலேயே எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். கட்டுகளை அலமாரி மேல் வைத்தாள். என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"மதாம், நீங்க பூட்டா அடுத்து ஒருத்தவங்க வருவாங்க. அவங்களும் இதே மேசைலதானே பாப்பாங்க?"

மதாம் மேசையைப் பார்த்தார்.

"செஞ்சு காட்டுங்க மதாம்."

என்னிடமாக இருந்தால் மறுத்திருப்பார். செல்வியிடம் அவரால் மறுக்க முடியவில்லை. மெதுவாக எழுந்து, மாட்டியிருந்த வெள்ளைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். லேபிளின் மூலத்தையும், அச்சகத்து ப்ரூஃபையும் அலமாரியிலிருந்து எடுத்தார். மேசைமுன் உட்கார்ந்தார். ப்ரூஃபை இடதுபக்கம் தள்ளி வைத்தார். மூலத்தைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்து, சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்.

மருந்தின் பெயரை வாசித்தார். ஒரு கணம் நிறுத்தினார். அடுத்த வரியை வாசித்தார். மறுபடி நிறுத்தினார். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அந்தச் சிறிய இடைவெளி வந்தது. முன்பு இரண்டு பேராக இப்படிச் சரிபார்ப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மதாம் மூலத்தைப் பார்த்து வாசிப்பார். இடதுபக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த ஐதராபாத் போன இளைஞர் ப்ரூஃபில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, வரிக்கு வரி "உம்" என்பார். அந்த "உம்" வந்த பிறகுதான் மதாம் அடுத்த வரிக்குப் போவார்.

"குலுக்கிவிட்டு உபயோகிக்கவும்." இடைவெளி.

"ஒரு வேளைக்கு, ரெண்டு பாயிண்ட் அஞ்சு எம்.எல்." இடைவெளி.

அந்த இடைவெளி நீண்டது. ப்ரூஃப் இடதுபக்கத்து நாற்காலிக்கு நேராகக் கிடந்தது. அங்கே உட்கார்ந்திருப்பவர் படிக்க வசதியாக அவர் கை அதைத் திருப்பியே வைத்திருந்தது. அவரும் அதை அப்போதுதான் பார்த்தார்.

செல்வி அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதாமிடம் யாரும் கேட்கக்கூடாத கேள்வியை அவள்தான் கேட்டாள். மெதுவாகக் கேட்டாள்.

"இந்தப் பக்கம் யாரு மதாம்?"

மதாம் கண்ணாடியைக் கழற்றினார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாருமில்ல" என்றார்.

பிறகு என்னிடம் கையை நீட்டி அறிக்கையைக் கேட்டு வாங்கினார். பின்னாலிருந்த கடிதத்தைக் கழற்றி மேசையறைக்குள் போட்டார். தன்னுடைய அந்த ஒற்றை வரியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

"உக்காரு செல்வி" என்றார். அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "காரணத்த நான் வரி வரியா எழுதி வாசிக்கிறேன். நீ உம் சொல்லு."

செல்வி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.